மூன்றாம் நம்பர் குழாய்

எனக்குள் இறங்கப் போகும் குழாயை நான் முன்னூறு தடவையாவது கழுவியிருப்பேன். பயம் அதனால்தான்.

டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் மொழி எனக்குப் பாதி புரியும். மீதியை நர்ஸ் தமிழில் சொன்னார். பித்தக்குழாயில் ஒரு கல் வந்து உட்கார்ந்திருக்கிறது. பித்தமும் கணைய நீரும் குடலுக்குள் விழுவது ஒரே வாய் வழியாகத்தான். கல் அந்த வாயிலேயே அடைத்துக்கொண்டதால் பித்தம் ரத்தத்தில் ஏறிவிட்டது, கணையமும் வீங்கத் தொடங்கியிருக்கிறது. தொண்டை வழியாகக் குழாயை விட்டு, இரைப்பையைத் தாண்டிப் போய், அந்த வாயைக் கொஞ்சம் கீறிக் கல்லை இழுத்துப் போட்டுவிடுவார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

"நூத்துல அஞ்சாறு பேருக்குக் கணையம் இன்னும் வீங்கலாம். ரத்தம் கசியலாம். கிருமி தொத்தலாம்" என்றார் நர்ஸ், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்வதுபோல. "ஏதாவது கேக்கணுமா?"

கேட்க இருந்தது. கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரமாகவே உடம்பெல்லாம் அரித்தது. சோப்பை மாற்றினேன். சிறுநீர் கறுத்தபோது தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் என் மனைவி ஜன்னல் பக்கம் என் முகத்தைத் திருப்பிக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "மஞ்சளைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு. இதோட எப்படிங்க வேலைக்குப் போயிட்டு வந்தீங்க?" என்றாள். அன்று மத்தியானம் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகு வரை போனது. ஊரில் நாலு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆம்புலன்ஸ்காரன் என்னை இங்கே கொண்டுவந்து இறக்கினான். எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனேனோ, அதே கட்டிடம். ஆம்புலன்ஸ் வாசலுக்கு நேர் மேலே, முதல் மாடியில், குழாய் கழுவும் அறை.

அந்த அறைக்குப் பொறுப்பாளர் என் மச்சான், மனைவியின் அண்ணன். எங்களை இந்த நாட்டுக்கு வரவழைத்தவர், எனக்கு அங்கே ராத்திரி வேலை வாங்கிக் கொடுத்தவர், எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுப்பவர், எல்லாம் அவர்தான். வீட்டு ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கிறது. அவருடைய விசா அந்த வேலையோடு கட்டியிருக்கிறது. வேலை போனால் முப்பது நாளில் கிளம்ப வேண்டும்.

கழுவுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழாய் மற்றக் குழாய்கள் போல இல்லை. நுனியில் நகத்தின் பாதி அளவுக்கு ஒரு நெம்புகோல் உண்டு. டாக்டர் கைப்பிடியைத் திருகினால் அது தலையைத் தூக்கும், உள்ளே போகிற கம்பியை வளைத்துவிடும். அந்த நெம்புகோலுக்கு அடியில்தான் எல்லாம் போய் ஒட்டும். அதைத் தூக்கி வைத்து ஒரு தடவை, இறக்கி வைத்து ஒரு தடவை, சின்ன பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அதன் பிறகுதான் மெஷின். மெஷின் தன் வேலையைத் தானே அச்சடித்துக் கொடுக்கும். கையால் தேய்த்ததற்கு ஒரே சாட்சி ஒரு தாள். பதினோரு கட்டம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு டிக்.

கையில் ஈரமான கையுறை. அதோடு பேனாவைத் தொடக்கூடாது. கழற்றி, டிக் போட்டு, புதிது மாட்டி, அடுத்த வேலை. ஒரு குழாய்க்குப் பதினோரு ஜோடி. ஒரு ராத்திரிக்கு ஒன்பது குழாய் வரும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஷிப்ட் தொடங்கும்போதே, கை காய்ந்திருக்கும்போதே, எல்லாத் தாளிலும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வைத்துவிடுவது. அப்புறம் நிம்மதியாகக் கழுவலாம். கழுவத்தானே போகிறோம்.

மச்சான் பார்த்தார். சிரித்தார். "மூளைக்காரன்டா நீ" என்றார். அடுத்த வாரம் பகல் ஷிப்ட்டும் அப்படியே செய்தது.

முதலில் எல்லாவற்றையும் தேய்த்தோம். பிறகு அவசரமான நாளில் நெம்புகோலைத் தூக்கி மட்டும் தேய்த்தோம். தாளில்தான் இரண்டும் இருக்கிறதே. ஒரு ராத்திரி, கையில் ஒரு குழாயோடு நின்றேன். இதைத் தேய்த்தேனா, மெஷினுக்குப் போக வேண்டியதா, இனிமேல்தான் தேய்க்க வேண்டுமா, ஞாபகம் வரவில்லை. தாளைப் பார்த்தேன். தேய்த்தாயிற்று என்றது. நாலு மணி நேரத்துக்கு முன்னால் நானே சொன்னது. குழாயை மெஷினில் போட்டேன். கையுறையைக் கழற்றித் தொட்டியில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், அப்புறம் போகவே இல்லை. மனைவியிடம் முதுகு வலி என்றேன். மச்சானிடம் அதையும் சொல்லவில்லை. அந்தக் குழாய் அடுத்த நாள் யாருக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன், பகலில்.

நான் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் மச்சான் வார்டுக்கு வந்தார். சீருடையோடு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"என்ன மாப்ள, எலுமிச்சம்பழம் மாதிரி ஆயிட்டே."

"நீங்க மட்டும் என்ன, பிழிஞ்ச எலுமிச்சம்பழம்."

சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரிக்காரரும் சிரித்தார். அவருக்கும் கல்தான். வந்த அன்றே அறிமுகம் செய்துகொண்டார்: இருபது வருஷமாக இந்த நாட்டுச் சாலைகளில் லாரி, மூன்று பெண்கள், கடைசிப் பெண்ணுக்குப் பரீட்சை. பேச ஆரம்பித்தால் பிரேக் கிடையாது.

மச்சான் திரையை இழுத்து மூடிவிட்டுக் குனிந்தார்.

"நாளைக்கு லிஸ்ட்ல ரெண்டே பேர். நீ முதல்ல, அடுத்தது அவர். நெம்புகோல் குழாய் மூணுல ஒண்ணு ரிப்பேருக்குப் போயிருக்கு. ரெண்டாம் நம்பரை நானே கழுவிட்டேன். தூக்கி, இறக்கி, ரெண்டு தடவை. டேக்ல பச்சை நூல் கட்டியிருக்கேன். உனக்கு அதுதான்."

"மூணாம் நம்பர்?"

"அது மொட்டை கழுவுவான்." மொட்டை என்பது என் இடத்துக்கு வந்த ஆள்.

"எப்படிக் கழுவுவான்?"

"நீ சொல்லிக் கொடுத்த மாதிரிதான் கழுவுவான்."

திரைக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர் தன் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். கணக்குப் பாடத்தில் எந்தக் கேள்வியை முதலில் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அதையும் நீங்களே..."

"ஷிப்ட் முடிஞ்சுதுடா. நான் ஒருத்தன் எத்தனையைக் கழுவுறது? ரெண்டு வருஷமா யாருக்காவது ஏதாவது ஆச்சா? எனக்குத் தெரிஞ்சு இல்ல. நீ பேசாம படு. காலைல ஒண்ணும் குடிச்சிடாதே, ஒரு வாய் தண்ணி கூட."

போய்விட்டார். நான் படுத்தேன். பொய் சொல்லப் போவதில்லை, நன்றாகத் தூங்கினேன். எனக்கு இரண்டாம் நம்பர்.

காலையில் மனைவி வந்தாள். துணி வெளுக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை, அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி அங்கியின் முடிச்சை முதுகில் கட்டிவிட்டாள். "இந்தச் சலவை எங்களோடது இல்ல. இவ்வளவு கஞ்சத்தனமா இஸ்திரி போட மாட்டோம்" என்றாள். முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

ஒன்பது மணிக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. எனக்குத்தான் என்று எழுந்து உட்கார்ந்தேன். அது பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. விடியற்காலையிலிருந்து லாரிக்காரருக்குக் குளிர் நடுக்கம். அடைத்த பித்தத்தில் கிருமி ஏறிவிட்டது, இனி காத்திருக்க முடியாது என்று டாக்டர் வரிசையை மாற்றிவிட்டார்.

"தம்பி, மன்னிச்சுக்குங்க. ஓவர்டேக் பண்றேன்" என்றார் லாரிக்காரர். பல் அடித்துக்கொண்டது. "ஹாரன் அடிச்சுட்டுத்தான் போறேன்."

"போயிட்டு வாங்கண்ணே" என்றேன்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. அலமாரியில் முதலில் தொங்குவது இரண்டாம் நம்பர்.

முக்கால் மணி நேரம் கழித்து என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஓடின. அந்த நடைபாதையில் ரொம்ப நாள் நடந்திருக்கிறேன், கூரையைப் பார்த்ததில்லை. உள்ளே குளிர். ஈய ஏப்ரன் மாட்டிய நாலு பேர். எக்ஸ்ரே மேஜை. குப்புறப் படுக்கச் சொல்லி, தலையை வலது பக்கம் திருப்பி வைத்தார்கள். திருப்பியபோது அது எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, கறுப்பாக, நீளமாக. டேகில் மூன்று என்று எழுதியிருந்தது. நூல் இல்லை.

"வாயைத் திறங்க, தொண்டை மரத்துப் போக மருந்து அடிக்கணும்" என்றார் நர்ஸ்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க, கசக்கும், அவ்வளவுதான்."

"சிஸ்டர், ரெண்டாம் நம்பர் எங்க?"

"அதை இப்பதான் அவருக்கு யூஸ் பண்ணோம். கழுவப் போயிருக்கு. ஏன்?"

"இதை மறுபடியும் கழுவச் சொல்லுங்க."

நர்ஸ் அலமாரிக் கதவில் செருகியிருந்த தாளை எடுத்து என் கண் முன்னால் காட்டினார். பொறுமையாகத்தான் காட்டினார். "பாருங்க. ராத்திரியே கழுவியாச்சு. எல்லாம் டிக் ஆகியிருக்கு."

பதினோரு டிக். ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், ஒரே மூச்சு. என் கையெழுத்தையே பார்ப்பதுபோல இருந்தது.

"அந்த டிக் கழுவுறதுக்கு முன்னாடி போட்டது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். வலி, பயம், பிதற்றல் என்று எழுதிவிட்டு ஊசியைப் போட்டிருப்பார்கள். மச்சான் ஹாலில் பாய் விரிப்பதை நினைத்தேன். பிறகு நெம்புகோலின் அடிப்பக்கத்தை நினைத்தேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஆரம்பிச்சு வச்சதே நான்தான். இங்க ராத்திரி வேலை பார்த்தேன். நெம்புகோலை இறக்கி வச்சுத் தேய்க்க மாட்டாங்க. மெஷின்ல போட்டுடுவாங்க. ரெண்டு வருஷமா இப்படித்தான்."

நர்ஸ் தமிழில் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் பக்கம் திரும்பி அவருடைய மொழியில் சொன்னார். இந்தத் தடவை எனக்கு முழுவதும் புரிந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிப் புதிது மாட்டினார். குழாயின் நுனியைப் பிடித்து, கைப்பிடியைத் திருகி, நெம்புகோலைத் தூக்கி விளக்கடியில் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் ஒரு நாளும் தெரிந்ததில்லை. ஒரு குச்சியால் அடியில் துடைத்து, மூடியுள்ள குப்பியில் போட்டு, பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

என்னை நடைபாதைக்குத் தள்ளி நிறுத்தினார்கள். நேர் எதிரே கழுவும் அறையின் கண்ணாடி. குழாயை அங்கேயே கொண்டுபோனார்கள். மச்சானைக் கூப்பிட்டார்கள். அவரையே கழுவச் சொன்னார்கள். பக்கத்தில் நர்ஸ் ஒருபுறம், யாரென்று தெரியாத கோட் போட்ட ஒருவர் மறுபுறம்.

மச்சான் ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. கசிவு இருக்கிறதா என்று தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். டிக் போட்டார். புதிது மாட்டினார். உள்வழியைத் தேய்த்தார். கழற்றினார். டிக். மாட்டினார். நெம்புகோலைத் தூக்கித் தேய்த்தார். கழற்றினார். டிக். நெம்புகோலை இறக்கித் தேய்த்தார். கோட் போட்டவர் குனிந்து பார்த்தார். மச்சானின் காதெல்லாம் சிவந்திருந்தது. தொட்டிக்குப் பக்கத்துக் கூடையில் கையுறைகள் குவிந்தன. நான் எண்ணினேன். பதினோரு ஜோடி. ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததைவிடச் சீக்கிரம்தான் முடிந்தது.

மெஷின் ஓட ஒரு மணி நேரம். வலி திரும்ப வந்தது. முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தேன். மனைவியை உள்ளே விடவில்லை.

முடிந்ததும் மச்சான் வெளியே வந்தார். கூட அந்தக் கோட்காரர். என் ஸ்ட்ரெச்சரைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்றார்.

"போய்ப் படு மாப்ள. சுத்தமா இருக்கு."

"மச்சான்..."

"நேத்து சாயங்காலம் என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, போய்ச் சொல்லிடலாம்னு. கூட வந்திருப்பேனோ மாட்டேனோ. கேட்டாவது இருக்கலாம்ல."

போய்விட்டார்கள்.

பிறகு கசப்பு மருந்து, தொண்டை மரத்தது, எச்சில் விழுங்க முடியவில்லை. பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம். கையில் ஊசி. குழாய் நாக்கைத் தொட்டது வரை ஞாபகம் இருக்கிறது. வெதுவெதுப்பாக இருந்தது. கழுவும்போது அது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

கண் விழித்தபோது வார்டு. தொண்டையில் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல இருந்தது. வயிறு பாறை. கல் மூன்று துண்டாக வந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னார். கணையம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அதன் குழாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை வைத்திருக்கிறார்களாம், சில வாரத்தில் எடுக்க வேண்டுமாம். மறுபடியும் அதே குழாய். கணையம் இன்னும் வீங்குமா என்பது ராத்திரிக்குள் தெரியும், அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். போகும்போது, "போன வருஷம் எங்க வார்டுல இந்தக் குழாய் விட்ட ரெண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து கூடிப் போச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியல. இப்ப அந்த ஃபைலை எடுக்கிறாங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் படுத்திருக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

லாரிக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இறங்கிவிட்டது. "தம்பி, உங்க முறையை நான் பிடுங்கிக்கிட்டேன். உங்களுக்கு மத்தியானம் ஆயிருச்சாமே. கோவம் இல்லியே?"

"இல்லண்ணே."

"நல்ல மனசு உங்களுக்கு."

மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பஞ்சை நனைத்து என் உதட்டைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போயிடுச்சு. விசாரணை முடியற வரைக்கும் வர வேணாம்னு சொல்லிட்டாங்களாம்."

பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். இவர் முந்திக்கிட்டுப் போகலேன்னா, அந்தப் பச்சை நூல் குழாய் உங்களுக்கே கிடைச்சிருந்தா, வாயைத் திறந்திருப்பீங்களா?"

மச்சான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார்.

"மாட்டேன்" என்றேன்.

பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். "அண்ணன்கிட்ட நான் வேற மாதிரி சொல்லியிருக்கேன். இனிமே வர்றவங்களை நினைச்சுத்தான் சொன்னாருன்னு சொல்லியிருக்கேன். அதையே நீங்களும் சொல்லிடுங்க. போற மனுஷன் அந்த நினைப்போடயாவது போகட்டும்."

அவளே எண்ணை அழுத்தி போனை என் காதில் வைத்தாள். நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் டிவி சத்தம் இல்லை. ஏதோ பெட்டியின் ஜிப்பை இழுக்கிற சத்தம்.

"முடிஞ்சுதா மாப்ள?"

"முடிஞ்சுது. மூணு துண்டு."

"வலி?"

"இருக்கு." மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை கீறிக்கொண்டு குரல் வந்தது. "மச்சான், அவ சொன்னது பொய். யாரை நினைச்சும் சொல்லல. எனக்குள்ள வரப் போகுதுன்னுதான் சொன்னேன்."

அவள் போனைப் பிடுங்கவில்லை. கை மட்டும் கொஞ்சம் தளர்ந்தது, போன் காதிலிருந்து நழுவியது. நானே பிடித்துக்கொண்டேன், ஊசி செருகிய கையால்.

அந்தப் பக்கம் ஜிப் சத்தம் நின்றது.

"அவ சொல்றப்பவே தெரியும்டா. நேத்து அது அந்த லாரிக்காரருக்குன்னு இருந்தப்ப நீ நல்லாத் தூங்கியிருப்பே." மூச்சு விட்டார். "நானும்தான் தூங்கினேன்."

பக்கத்துக் கட்டிலில் லாரிக்காரர் மகளுக்குப் போன் போட்டுப் பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிக்க விட்டாங்களா?" என்றார் மச்சான்.

"இன்னும் இல்ல."

"விட்டா ஒரேயடியா குடிச்சிடாதே. மெதுவாக் குடி" என்றார். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது.